மெனு இருந்தது, இணைப்பு இல்லை

எங்கள் வானியல் தளத்தில் வால்மீன்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை இருக்கிறது. எழுதி முடிக்க மூன்று வாரம் ஆனது. ஒருநாள் சும்மா, அதிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தேடுபொறியிலும் இல்லை. நான் எழுதிய வாக்கியம் உலகத்தில் வேறெங்கும் இருக்காது, சரி. என் தளத்திலும் இல்லையாமே!

நம் தளம் தேடலில் எப்படி இருக்கிறது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்து பல மாதமாகியிருந்தது. கடவுச்சொல்லையே தேட வேண்டியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், தளத்தில் இருக்கும் 640 கட்டுரைகளில் இன்டெக்ஸ் ஆனவை, அதாவது தேடல் பட்டியலில் ஏறியவை, 41. மற்றவற்றில் பெரும்பகுதி, முகவரி மட்டும் தெரியும், இன்னும் எடுத்துப் பார்க்கவில்லை என்ற வகையில் கிடந்தது.

எல்லோரும் முதலில் செய்வதையே நானும் செய்தேன். தளத்தின் முகவரிகளைப் பட்டியலிடும் சைட்மேப்பைப் புதிதாக உருவாக்கி மறுபடி சமர்ப்பித்தேன். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரி வரை போடலாம், அளவு 50 எம்பியைத் தாண்டக்கூடாது. என் 640 அதற்குக் கால்தூசி. இரண்டு வாரம் காத்திருந்தேன். எண்ணிக்கை 41-இலிருந்து 43 ஆனது. அந்த இரண்டும் ஏன் உள்ளே போயின என்று இன்றுவரை புரியவில்லை.

அப்புறம்தான் வால்மீன் கட்டுரையின் முகவரியைத் தனியாகச் சோதித்துப் பார்த்தேன். சர்ச் கன்சோலின் யூஆர்எல் சோதனையில், இந்த முகவரியை எங்கிருந்து தெரிந்துகொண்டோம் என்று ஒரு பகுதி வரும். சைட்மேப்: இருக்கிறது. சுட்டிக்காட்டிய பக்கம்: எதுவும் இல்லை. வீட்டு எண் பதிவேட்டில் இருக்கிறது, வீட்டுக்குப் போகத் தெரு இல்லை என்கிற நிலைமை. எனக்குக் கோபம்தான் வந்தது. மெனுவில் 'வால்மீன்கள்' என்று பெரிய எழுத்தில் இருக்கிறதே, கண் இல்லையா என்று.

அந்த 41 முகவரிகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து வழி இருக்கிறது என்று தேடினேன். அரை மணி நேரத்தில் விடை கிடைத்தது. சில, பக்கத்தின் அடிப்பகுதியில் நான் என்றைக்கோ கையால் எழுதிய பட்டியலில் இருந்தவை. மற்றவை, ஒரு கட்டுரையின் நடுவே இன்னொரு கட்டுரையைக் குறிப்பிட்டபோது போட்ட சாதாரண இணைப்புகள். மெனு வழியாக மட்டும் போகக்கூடிய பக்கம் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை.

மூலத்தைத் திறந்தபோது

கண்ட்ரோல்-யூ அழுத்திப் பக்கத்தின் மூலத்தைப் பார்த்தேன். டெவலப்பர் கருவியில் தெரிவது ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் ஓடி முடிந்த பிறகான வடிவம். கண்ட்ரோல்-யூ காட்டுவது சர்வர் அனுப்பிய அசல். இந்த வேலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

மெனுவில் ஆங்கர் டேக், அதாவது இணைப்புக்கென்றே உள்ள குறி, ஒன்றுகூட இல்லை. எல்லாம் டிவ், வெறும் கட்டம். ஒவ்வொரு டிவ்விலும், கிளிக் செய்தால் ஓடும் ஒரு ஆன்கிளிக், அது ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும், அந்த ஃபங்ஷன் ஒரு எண்ணைப் பார்த்து முகவரியைக் கட்டும். பக்கம் மாறும்போது மெல்ல மறைந்து தோன்றும் ஒரு அழகுக்காக மூன்று வருடம் முன்பு நானே செய்தது. மவுஸ் மேலே போனால் கை அடையாளம்கூட வரும், தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் கர்சர் பாயின்டர் போட்டிருந்தேன். மனிதக் கண்ணை ஏமாற்றுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் செய்துவிட்டு, முகவரியை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

துணை மெனு இன்னும் மோசம். அது மூலத்திலும் இல்லை, ஓடி முடிந்த வடிவத்திலும் இல்லை. மவுஸ் மேலே வந்த பிறகுதான் சர்வரிலிருந்து எடுத்துவரப்பட்டு உள்ளே ஒட்டப்படும். சிறிய திரையில் மெனு ஒரு செலக்ட் பெட்டியாக மாறும், தேர்ந்தெடுத்தால் ஜாவாஸ்கிரிப்ட் தாவும். 'மேலும் காட்டு' ஒரு பட்டன். தொடர்புடைய கட்டுரைகள் என்ற அட்டைகள் டிவ். எட்டுப் பிரிவுகளுக்கும் தனிப் பக்கமே கிடையாது, ஒரே பட்டியல் பக்கம், அதன் முகவரியில் ஹேஷ் குறிக்குப் பின்னால் பிரிவின் பெயர் மாறும். ஹேஷுக்குப் பிறகு வருவதை பிரவுசர் சர்வருக்கு அனுப்புவதே இல்லை. அதாவது கோள்கள், விண்மீன்கள், விண்மீன் மண்டலங்கள் எல்லாமே தேடுபொறிக்கு ஒரே பக்கம்.

இங்கே இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வருடம் முன்பு ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "ஐயா, நான் திரைவாசிப்பான் வைத்துப் படிக்கிறேன். உங்கள் மெனுவில் டேப் விசை நிற்பதே இல்லை. நேராக அடிப்பகுதிக்குப் போய்விடுகிறது." பார்க்கிறேன் என்று பதில் போட்டேன். பார்க்கவில்லை. தேடுபொறிக்குத் தெரியாத அதே மெனுதான் அவருக்கும் தெரியவில்லை. ஆங்கர் டேக்கும் அதில் முகவரியைச் சொல்லும் ஹெச்ரெஃப்பும் இருந்தால் டேப் விசை தானாக நிற்கும், திரைவாசிப்பான் 'இணைப்பு' என்று சொல்லும். டிவ்வில் இரண்டும் நடக்காது.

கிராலர் ஏன் கிளிக் செய்யாது

கிராலர் என்பது தேடுபொறிக்காகப் பக்கங்களைச் சேகரிக்கும் நிரல். உட்கார்ந்து மெனுவைத் தட்டிப் பார்ப்பது அதன் வேலையல்ல. ஒரு பக்கத்தை எடுக்கும், அதில் உள்ள முகவரிகளைப் பொறுக்கும், வரிசையில் போடும், அடுத்ததை எடுக்கும். பொறுக்கும்போது அது தேடுவது ஹெச்ரெஃப் உள்ள ஆங்கர் டேக்கைத்தான். கூகுளே தன் ஆவணத்தில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஸ்பேனுக்குள் ஹெச்ரெஃப் எழுதினால் செல்லாது. ஹெச்ரெஃப் இல்லாமல் ஆன்கிளிக் மட்டும் உள்ள ஆங்கரும் செல்லாது. தளம் கட்ட உதவும் சில ஃபிரேம்வொர்க்குகளில் ரவுட்டர் லிங்க் என்று தனிப் பண்பு எழுதுவார்கள். அது கடைசியில் ஹெச்ரெஃப்பாக மாறி வெளியே வருகிறதா என்பதே கேள்வி.

"கூகுள்தான் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுகிறதே?" என்று தளத்தின் வடிவமைப்பைப் பார்த்துக்கொள்ளும் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, நானும் அதை நம்பித்தான் மூன்று வருடம் தூங்கினேன். ஓட்டுகிறது, உண்மைதான். 2019 மே மாதத்திலிருந்து கூகுளின் கிராலரான கூகுள்பாட், குரோம் பிரவுசரின் அடிப்படையான குரோமியத்தின் புதுப்பிக்கப்பட்ட பதிப்பில்தான் பக்கத்தை ரெண்டர் செய்கிறது, அதாவது ஓட்டி உருவாக்கிப் பார்க்கிறது. அதற்கு முன் வெகுகாலம் குரோமின் 41-ஆம் பதிப்பிலேயே நின்றிருந்தது. ஆனால் ஓட்டுவது வேறு, தொட்டுப் பார்ப்பது வேறு. அது கிளிக் செய்யாது, மவுஸை மேலே நகர்த்தாது, கீழே உருட்டாது. தொட்டால்தான் பிறக்கும் இணைப்பு அதற்குப் பிறப்பதே இல்லை. அதோடு, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டாத கிராலர்களும் நிறைய உலவுகின்றன. அவற்றுக்கு மூலத்தில் இருப்பது மட்டும்தான் பக்கம்.

ஹேஷ் முகவரிகளுக்கு ஒரு காலத்தில் தனி ஏற்பாடு இருந்தது. 2009-இல் கூகுள் முன்வைத்த திட்டப்படி, ஹேஷுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டால் கிராலர் அதை வேறொரு முகவரியாக மாற்றிக் கேட்கும், சர்வர் முழுப் பக்கத்தைத் தயாராகத் தர வேண்டும். 2015 அக்டோபரில் அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள். பழைய குறிப்புகளில் இந்த ஆச்சரியக்குறி வைத்தியம் இன்னும் தென்படுகிறது. அதைப் படித்து நானும் ஒரு மாலை வீணடித்தேன்.

டிவ்வை ஆங்கராக்கியது

முதன்மை மெனுவை மாற்ற ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்தேன். டிவ்வை எடுத்துவிட்டு, பட்டியலுக்குள் ஆங்கர், ஒவ்வொன்றுக்கும் ஹெச்ரெஃப். மாற்றியதும் மெனு நீலமாகி, அடிக்கோடு விழுந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. ஆங்கர் இயல்பில் வரிக்குள் நிற்கும் உறுப்பு, டிவ் கட்டமாக நிற்கும் உறுப்பு. டிஸ்ப்ளேயை பிளாக் ஆக்கி, நிறத்தைப் பெற்றோரிடமிருந்து எடுக்கச் சொல்லி, அடிக்கோட்டை நீக்கினேன். அடிக்கோட்டை நீக்கியது மெனுவில் மட்டும். கட்டுரைக்குள் இருக்கும் இணைப்புகளுக்கு அடிக்கோடு வேண்டும் என்பது என் பிடிவாதம், நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை, சர்வர் சாவி என்னிடம் இருக்கிறது.

அழகான மறைதல்-தோன்றல் விளைவை விட மனம் வரவில்லை. விட வேண்டியதும் இல்லை. ஹெச்ரெஃப் உண்மையானதாக இருக்கட்டும், கிளிக் நடந்தால் ஜாவாஸ்கிரிப்ட் குறுக்கே வந்து பிரவுசரின் இயல்பான தாவலைத் தடுத்து, உள்ளடக்கத்தைத் தானே எடுத்து வந்து, பிரவுசர் ஹிஸ்டரியின் புஷ்ஸ்டேட் என்ற வசதி மூலம் முகவரியை மாற்றட்டும். ஸ்கிரிப்ட் ஓடாவிட்டால் இணைப்பு சாதாரண இணைப்பாகவே வேலை செய்யும். இதில் ஒரு தவறு செய்தேன்: கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு கிளிக் செய்தாலும் குறுக்கே வந்துவிட்டேன். புதிய பிரவுசர் டேப்பில் திறக்க நினைத்தவருக்கு இருந்த பக்கமே மாறியது. கண்ட்ரோல், கமாண்ட், ஷிஃப்ட் இவற்றில் எது அழுத்தியிருந்தாலும் விலகிக்கொள் என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது. இணைப்பை இணைப்பாக விட்டாலே இவ்வளவும் இலவசமாக வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

துணை மெனுவை சர்வரிலிருந்து பிறகு எடுத்துவரும் வேலையை நீக்கி, முதலிலேயே மூலத்தில் எழுதிவிட்டேன். காட்டுவதும் மறைப்பதும் சிஎஸ்எஸ்ஸின் பாடு. மறைந்திருக்கும் மெனு இணைப்பைக் கிராலர் எடுத்துக்கொள்ளும், பக்கத்தில் அது இருந்தால் போதும். சிறிய திரைக்கும் அதே பட்டியல்தான், செலக்ட் பெட்டியைத் தூக்கிவிட்டேன். இங்கே ஒரு சபலம் வந்தது. மூலத்தில் இருந்தால் போதும் என்றால், 640 கட்டுரைகளையும் மெனுவிலேயே போட்டுவிடலாமே? போடவில்லை. எல்லாப் பக்கமும் எல்லாப் பக்கத்தையும் சுட்டினால் எது எதோடு சேர்ந்தது என்ற சேதியே போய்விடும். மெனுவில் எட்டுப் பிரிவுகள், ஒவ்வொன்றின் கீழும் ஐந்தாறு முக்கியக் கட்டுரைகள், அவ்வளவுதான்.

தன்னைத்தானே விழுங்கிய முகவரி

மெனுவை ஏற்றிவிட்டு இரண்டு நாள் கழித்து, யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று பதியும் சர்வர் லாகைத் திறந்தேன். கிராலர் வந்திருந்தது, மனம் குளிர்ந்தது. கொஞ்சம் கீழே போனால், கோள்கள், அதற்குள் கோள்கள், அதற்குள் மறுபடி கோள்கள், கடைசியில் செவ்வாய் என்று ஒரு முகவரி. அடுத்த வரியில் இன்னொரு கோள்கள் கூடியிருந்தது. ஒரே இரவில் பல ஆயிரம் வரிகள்.

காரணம், ஹெச்ரெஃப்பின் தொடக்கத்தில் ஒரு சாய்கோட்டை விட்டிருக்கிறேன். சாய்கோட்டில் தொடங்கும் முகவரி தளத்தின் வேரிலிருந்து கணக்காகும். இல்லாவிட்டால், இப்போது நிற்கும் பக்கத்தின் அடைவிலிருந்து கணக்காகும். முகப்புப் பக்கத்தில் இரண்டும் ஒன்றுதான், அதனால் என் கண்ணில் படவில்லை. கோள்கள் அடைவுக்குள் இருக்கும் செவ்வாய் பக்கத்தில் நின்றால், மெனு சுட்டுவது கோள்களுக்குள் கோள்கள். அந்தப் பக்கத்தில் மெனு இன்னும் ஒரு படி உள்ளே சுட்டும். இப்படியே முடிவில்லாமல் போகும்.

இப்படி ஒரு பக்கமே இல்லை என்று சர்வர் 404 சொல்லியிருந்தால் முதல் படியிலேயே நின்றிருக்கும். என் சர்வர் நிரலோ முகவரியின் கடைசித் துண்டை மட்டும் பார்த்துக் கட்டுரையை எடுத்துக் கொடுக்கும், நடுவில் என்ன இருந்தாலும் கவலைப்படாது, 200, அதாவது எல்லாம் சரி, என்று சொல்லி அனுப்பிவிடும். ஆக, ஒரே செவ்வாய் கட்டுரை எண்ணற்ற முகவரிகளில் உயிரோடு இருந்தது. முன்பு கிராலருக்கு வழியே இல்லை, இப்போது முடிவே இல்லாத வழி.

ஒவ்வொரு மெனு முகவரியையும் சாய்கோட்டில் தொடங்க வைத்தேன். சர்வரை முழு முகவரியையும் சரிபார்க்கச் சொல்லி, பொருந்தாவிட்டால் உண்மையான 404 கொடுக்க வைத்தேன். ஒவ்வொரு கட்டுரையிலும் அதன் சரியான முகவரியைச் சொல்லும் கனானிக்கல் குறியையும் சேர்த்தேன். லாகில் அந்த வால் அடங்க இன்னும் பல நாள் பிடித்தது. கிராலர் ஒருமுறை குறித்துக்கொண்ட முகவரியை மறுபடி வந்து தட்டிப் பார்த்துவிட்டுத்தான் விடும்.

இரண்டு கோள்கள்

404-ஐ ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கியதும் இன்னொரு பூதம் கிளம்பியது. மெனுவில் உள்ள 'கோள்கள்' இணைப்பே 404. முகவரியை நகலெடுத்து ஒட்டினாலும் 404. ஆனால் கையால் தட்டச்சு செய்தால் பக்கம் வருகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன், எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்.

எங்கள் முகவரிகள் தமிழில் இருப்பவை. யூனிகோடில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஒரு தனி எண் உண்டு, அதைப் புள்ளி (கோட் பாயின்ட்) என்பார்கள். தமிழ்ப் புள்ளி ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் மூன்று பைட். முகவரியில் போகும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும், அதாவது ஒரு புள்ளிக்கு ஒன்பது எழுத்து. கோள்கள் என்பதில் ஏழு புள்ளிகள், ஆகவே 63 எழுத்து வர வேண்டும். லாகில் எண்ணிப் பார்த்தால் 72 இருந்தது. ஒரு புள்ளி கூடுதல்.

ஓகார உயிர்மெய்க் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே புள்ளியாக எழுதலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிப் புள்ளிகளாக அடுத்தடுத்து வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஒகரக் குறிக்கும் இதே கதை. எங்கள் பழைய கட்டுரைகள் ஒரு காலத்தில் வேறொரு எழுத்துரு முறையிலிருந்து யூனிகோடுக்கு மாற்றப்பட்டவை, மாற்றிய நிரல் கொம்பையும் காலையும் பிரித்தே வைத்திருந்தது. மெனுவின் பெயரை அங்கிருந்து எடுத்தேன், சர்வரின் பிரிவுப் பெயரை நான் தட்டச்சு செய்தேன். கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல்.

யூனிகோடில் இதற்கென்றே என்எஃப்சி என்ற ஒழுங்குமுறை இருக்கிறது. பிரிந்தவற்றைச் சேர்த்து ஒரே புள்ளியாக்கிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்று ஒரே ஒரு அழைப்பு. மெனுவைக் கட்டும்போதும், கட்டுரை முகவரியை உருவாக்கும்போதும், சர்வர் முகவரியைப் படிக்கும்போதும், மூன்று இடத்திலும் போட்டேன். பழைய வடிவத்தில் யாராவது கேட்டால் 301 கொடுத்துச் சரியான முகவரிக்கு அனுப்பிவிடும்.

ஔகாரம் மட்டும் இதற்கும் அடங்காது. கௌ என்பதை, ஒற்றைக் கொம்பு போட்ட கெ, பக்கத்தில் ளகரம் என்று தட்டச்சு செய்திருந்தால், அது எந்த ஒழுங்குமுறைக்கும் வேறு சொல்தான். 'பௌர்ணமி' என்று தொடங்கும் இரண்டு கட்டுரைகளைக் கையால் திருத்தினேன். தமிழில் முகவரி வைப்பவர்கள் யாராக இருந்தாலும் தங்கள் முகவரிப் பட்டியலில் இந்த மூன்று குறிகளையும் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

மேலும் காட்டு

ஹேஷ் வைத்த எட்டுப் பிரிவுகளுக்கும் உண்மையான பக்கங்கள் செய்தேன். ஒரு பக்கத்தில் பத்துக் கட்டுரை. 'மேலும் காட்டு' பட்டனை, இரண்டாம் பக்கத்துக்குப் போகும் ஆங்கராக மாற்றினேன். ஸ்கிரிப்ட் இருந்தால் பழையபடி அடுத்த பத்தும் கீழேயே வந்து ஒட்டும், இல்லாவிட்டால் அடுத்த பக்கம் திறக்கும்.

விண்மீன்கள் பிரிவில் 150 கட்டுரைகள், ஆக 15 பக்கங்கள். 'அடுத்தது' என்ற ஒரே இணைப்பை வைத்தால் கடைசிப் பக்கத்தில் உள்ள கட்டுரையை அடைய முகப்பிலிருந்து 16 தாவல். பக்க எண்களை எல்லாம் வரிசையாக இணைப்பாகப் போட்டதும் அது மூன்றாகக் குறைந்தது. அடுத்த பக்கம், முந்தைய பக்கம் என்று தலைப்பகுதியில் எழுதும் குறிகளைப் பலர் இன்றும் போடச் சொல்கிறார்கள். அவற்றைத் தாங்கள் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2019-இலேயே சொல்லிவிட்டது. நான் அதில் நேரம் செலவிடவில்லை. செலவிட வேண்டிய இடம் வேறாக இருந்தது: கனானிக்கல் குறியைச் சேர்த்தபோது 15 பக்கங்களுக்கும் முதல் பக்கத்தையே சுட்டிவிட்டேன். இரண்டாம் பக்கம் முதல் பக்கத்தின் நகல் இல்லையே, அதில் வேறு பத்துக் கட்டுரைகள் அல்லவா இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன்னையே சுட்டும்படி மாற்றினேன்.

எல்லாவற்றையும் இணைப்பாக்கும் வெறி அப்போது எனக்கு ஏறியிருந்தது. ஒளிர்வுப்படி அடுக்கு, தூரப்படி அடுக்கு, நிறத்தால் வடிகட்டு என்று விண்மீன் பட்டியலில் சில வசதிகள் உண்டு. அவற்றையும் ஆங்கராக்கப் போனேன், நண்பர் தடுத்தார். "அதெல்லாம் பக்கமா? அதே பட்டியலை வேறு வரிசையில் காட்டுவதுதானே?" சரிதான். ஆங்கராக்கியிருந்தால் ஒரே பட்டியலுக்கு நூற்றுக்கணக்கில் முகவரிகள் பிறந்து, கிராலர் மறுபடி அலைந்திருக்கும். அவை பட்டனாகவே இருக்கின்றன. எங்கேயாவது அழைத்துப் போனால் இணைப்பு, இருந்த இடத்திலேயே ஏதாவது செய்தால் பட்டன் என்று பிரித்துக்கொண்டோம்.

சில்லறைத் தவறுகளும் கிடைத்தன. கிராலர் எங்கே போகக்கூடாது என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் ஸ்கிரிப்ட் அடைவையே தடுத்து வைத்திருந்தேன். தொடர்புடைய கட்டுரைகளை அந்த ஸ்கிரிப்ட்தான் கட்டும், தடுத்தால் ரெண்டர் செய்ய வந்த கூகுள்பாட்டுக்கு வெறும் கட்டம்தான் கிடைக்கும். பழைய கட்டுரைகளுக்குப் போகும் இணைப்புகளில், தொடர வேண்டாம் என்று கிராலருக்குச் சொல்லும் நோஃபாலோ போட்டிருந்தது. நம் வீட்டு அறைக்குள் போக நாமே தடைப் பலகை மாட்டியது போல. முகப்புக்குப் போகும் சின்னத்தில் வெறும் படம், மாற்று உரை காலி. படம்தான் இணைப்பு என்றால் மாற்று உரைதான் அதன் பெயர். 'மேலும் படிக்க' என்றே எழுதியிருந்த அட்டைகளில் கட்டுரைத் தலைப்பையே இணைப்பாக்கினேன்.

எண்ணிப் பார்த்தது

சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்வதற்கு முன் அளக்க வேண்டும். முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டு முகப்பிலிருந்து ஒரு கட்டுரைக்குப் போய்ப் பார்த்தேன். பிறகு மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் போனேன். அடுத்து, கர்ல் என்ற கட்டளைவரிக் கருவி வைத்து முகப்பை இறக்கி, ஹெச்ரெஃப் உள்ள ஆங்கர்களை எண்ணினேன். பழைய பக்கத்தில் 14, புதியதில் 61. கூகுளின் சோதனைக் கருவியான லைட்ஹவுஸில் இணைப்புகளைக் கிராலர் தொடர முடியுமா என்று ஒரு சோதனை உண்டு, அதில் இரண்டு இடங்கள் சிக்கின. இரண்டுமே ஹெச்ரெஃப்பில் முகவரிக்குப் பதிலாக வெறும் ஜாவாஸ்கிரிப்ட் அழைப்பு எழுதியவை.

மிகவும் உதவியது நானே எழுதிய நாற்பது வரி நிரல். முகப்பில் தொடங்கும், ஹெச்ரெஃப்களைப் பொறுக்கும், பார்க்காதவற்றை வரிசையில் சேர்க்கும், ஒவ்வொன்றும் எத்தனை தாவலில் கிடைத்தது என்று குறிக்கும். ஒரு கிராலரின் எலும்புக்கூடு அவ்வளவுதான். ஓட்டி முடித்ததும் கிடைத்த பட்டியலைச் சைட்மேப்போடு ஒப்பிட்டேன். 640-இல் 601 கிடைத்தன. 39 கட்டுரைகள் அனாதை. அவை எந்தப் பிரிவிலும் சேர்க்கப்படாதவை, சைட்மேப்பில் மட்டும் இருந்தவை. ஒரு மாலை உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்துப் பிரிவில் சேர்த்தேன். இப்போது புதுக் கட்டுரை ஏற்றும்போதெல்லாம் அந்த நிரல் ஓடுகிறது, அனாதை இருந்தால் ஏற்ற மறுக்கிறது.

பிறகு காத்திருப்பு. லாகில் கூகுள்பாட் என்று பெயர் போட்டு வருபவர்கள் எல்லோரும் கூகுள்பாட் அல்ல, வந்த ஐபி எண் உண்மையில் யாருடையது என்று தலைகீழ் டிஎன்எஸ்ஸில் சரிபார்த்துத்தான் எண்ணினேன். முதல் வாரம் பிரிவுப் பக்கங்கள் மட்டும். மூன்றாவது வாரத்திலிருந்து கட்டுரைகள். மூன்று மாதத்தில் இன்டெக்ஸ் ஆனவை 500-ஐத் தாண்டின. வால்மீன் கட்டுரை இப்போது வருகிறது. வராதவற்றில் பெரும்பாலானவை, சிறுகோள்களுக்கு ஒவ்வொன்றாக நான் எழுதிய நான்கு வரிக் குறிப்புகள். அவற்றைக் கிராலர் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றிருக்கிறது. அது இணைப்பின் குற்றமில்லை, எழுதியவனின் குற்றம்.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது, விண்மீன் வரைபடம். பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஏற்ற 88 விண்மீன் கூட்டங்களும் ஒரே கேன்வாஸில் வரையப்பட்டிருக்கும், எதைத் தொட்டாலும் அதன் பக்கத்துக்குப் போகும். கேன்வாஸ் என்பது வெறும் புள்ளிகளால் ஆன படம், அதற்குள் ஆங்கர் டேக் வைத்தால் திரையில் தெரியாது. வரைபடத்தைத் தொடவில்லை. அதன் கீழேயே 88 பெயர்களையும் அகர வரிசையில் சாதாரண இணைப்புகளாக எழுதினேன். நண்பருக்கு அது அசிங்கமாகப் பட்டது. மடித்து வைத்துத் தேவைப்பட்டால் விரிக்கும்படி செய்யலாம் என்றார், செய்தோம்.

டேப் விசையைப் பற்றி எழுதியிருந்த வாசகருக்கு, இரண்டு வருடத் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். மறுநாளே பதில் வந்தது: "மெனு இப்போது நன்றாக நிற்கிறது ஐயா. அந்த 88 பட்டியலை மட்டும் ஏன் மடித்து வைத்திருக்கிறீர்கள்?"

அன்று மாலையே விரித்துவிட்டேன்.